சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு வரும் பிகே வைரஸ்: ஓர் எளிய விளக்கம்

சிறுநீரகம் மாற்றி ஏழெட்டு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிறுநீர் நன்றாகப் போகிறது, சாப்பாடும் இறங்குகிறது. வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் மட்டும் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.2-இலிருந்து 1.6 ஆகியிருக்கிறது. உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறதா, மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடிவிட்டதா, சிறுநீர்க்குழாயில் அடைப்பா என்று முதலில் பார்ப்பார்கள். இது எதுவும் இல்லை என்றால் மருத்துவருக்கு இரண்டு சந்தேகங்கள் மிஞ்சும். வந்த சிறுநீரகத்தை வேற்றாளுடையது என்று உடம்பு தாக்கத் தொடங்கியிருக்கலாம். இதைத்தான் நிராகரிப்பு என்கிறோம். ஓபியில் எல்லோரும் ‘ரிஜெக்‌ஷன்’ என்பார்கள். அல்லது சிறுநீரகத்துக்குள்ளேயே ஒரு வைரஸ் பெருகிக்கொண்டிருக்கலாம்.

முதலாவதற்கு, எதிர்ப்பு சக்தியை இன்னும் அழுத்தி அடக்க வேண்டும். இரண்டாவதற்கு, அடக்கியதைத் தளர்த்த வேண்டும். ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. இரண்டையும் பிரித்தறிவது ஏன் இவ்வளவு சிரமம், அந்த வைரஸ் எங்கிருந்து வருகிறது, வந்தால் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம்.

ஏன் இத்தனை மாத்திரை?

உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. செய்தவர் ஜோசஃப் மரே. பின்னாளில், 1990-இல், நோபல் பரிசு பெற்றவர். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள். அதனால் பெற்றவரின் உடம்புக்கு அது இன்னொருவருடைய உறுப்பு என்றே தெரியவில்லை. எதிர்ப்பை அடக்கும் மருந்தும் தேவைப்படவில்லை. அப்படி ஓர் இரட்டை எல்லோருக்கும் வாய்க்குமா? அம்மா கொடுத்தாலும், அண்ணன் கொடுத்தாலும், மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து கிடைத்தாலும் திசுக்கள் அச்சாக ஒன்றாக இருக்காது. அதனால் மாத்திரை வேண்டும், சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் எடுப்பது மூன்று மருந்துகள்: டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், ப்ரெட்னிசோலோன். இவற்றோடு அறுவை நேரத்தில் ஏடிஜி அல்லது பாசிலிக்சிமாப் என்ற ஊசியும் பலருக்குப் போடப்படும். மருந்துக்கு மருந்து வழி வேறு. குறி என்னவோ பெரும்பாலும் டி செல்கள்தான். வெள்ளை அணுக்களில் ஒரு வகை இவை. அந்நிய உறுப்பை அடையாளம் கண்டு தாக்குதலைத் தொடங்கி வைப்பவை இவைதான். சிக்கல் என்னவென்றால், வைரஸ் புகுந்த செல்களைத் தேடிப்பிடித்து அழிப்பதும் இதே டி செல்கள்தான். வைரஸைப் பிடிக்கும் வேலையை விட்டுவிட்டு, உறுப்பைத் தாக்கும் வேலையை மட்டும் நிறுத்தும் மருந்து இதுவரை கைக்கு வரவில்லை. மாற்று சிகிச்சைக்குப் பின் வரும் வைரஸ் தொல்லைகள் அத்தனைக்கும் வேர் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது.

ஏற்கெனவே நம்மிடம் இருப்பது

1971-இல் லண்டனில் சில்வியா கார்ட்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு நோயாளியின் சிறுநீரை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அவர் சூடானைச் சேர்ந்தவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர். புதிய சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சுருங்கிப் போயிருந்தது. அவருடைய சிறுநீரில் இதுவரை பார்க்காத ஒரு வைரஸ் இருந்தது. நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளையே அதற்கு வைத்துவிட்டார்கள்: பிகே. அதே 1971-இல்தான் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றும் நடந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை, தற்செயல்தான்.

பிகே, பாலியோமா என்ற குடும்பத்தைச் சேர்ந்த டிஎன்ஏ வைரஸ். அதன் மரபுச் செய்தி மொத்தமே சுமார் 5,200 எழுத்து இணைகள்தான். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் வரிசையாக நிற்கலாம், அவ்வளவு சின்னது. வளர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் இது ஏற்கெனவே இருக்கிறது. சின்ன வயதில், எப்போது வந்தது என்றே தெரியாமல் வந்துவிடும். வந்தாலும் சாதாரண சளி, காய்ச்சல் போலக் கடந்துவிடும், அல்லது அதுகூட இருக்காது. பிறகு சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலும் சிறுநீர்ப்பாதையின் உட்தோலிலும் போய் ஒடுங்கிக்கொள்ளும். டி செல்கள் கண்காணிக்கும் வரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் படிக்கும் உங்களிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆயுள் முழுக்க எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிட்டுப் போகும்.

1971-க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வைரஸை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1990-களில் நிலைமை மாறியது. டாக்ரோலிமஸும் மைகோஃபினோலேட்டும் புழக்கத்துக்கு வந்த காலம் அது. டாக்ரோலிமஸ், ஜப்பானின் சுக்குபா பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984-இல் கண்டெடுக்கப்பட்டது. இந்த இரண்டும் சேர்ந்ததில் நிராகரிப்பு நன்றாகக் குறைந்தது. மாற்று சிகிச்சை இன்று இவ்வளவு நம்பிக்கையான சிகிச்சையாக இருப்பதற்கு இவையும் ஒரு காரணம். ஆனால் அதே ஆண்டுகளில், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சிறுநீரகங்கள் பிகே வைரஸால் கெட்டுப்போவதாக ஒன்றன்பின் ஒன்றாக அறிக்கைகள் வரத் தொடங்கின. அடக்கும் பலம் கூடியதும், ஒடுங்கிக் கிடந்தது தலைதூக்கிவிட்டது.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. இதயம் மாற்றியவர்களும் கல்லீரல் மாற்றியவர்களும் இதே மருந்துகளைத்தான் எடுக்கிறார்கள். அவர்களுடைய சொந்தச் சிறுநீரகங்களிலும் பிகே இருக்கிறது. ஆனால் அவர்களுக்குப் பிகே சிறுநீரக நோய் வருவது அபூர்வம். ஏன்? மருந்து மட்டுமே காரணம் என்றால் எல்லோருக்கும் அல்லவா வர வேண்டும்? ஆக, மாற்றப்பட்ட சிறுநீரகத்திலேயே ஏதோ இருக்கிறது. கொடுத்தவரின் சிறுநீரகம் வரும்போது அவருடைய வைரஸும் கூடவே வந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். பிகே-யில் நான்கு முக்கிய வகைகள் உண்டு. பெற்றவரின் உடம்பு தன்னிடம் உள்ள வகையை அறிந்திருக்கும். புதிதாக வந்த வகையை அறிந்திருக்காது. உடம்புக்கு வெளியே, ரத்த ஓட்டமில்லாமல், குளிரில் இருந்துவிட்டு வரும் சிறுநீரகத்தில் காயம்பட்ட செல்கள் பழுதுபார்க்கப் பெருகுவதும் வைரஸுக்கு வசதியாகிவிடுகிறது. அறுவையின்போது சிறுநீர்க்குழாயில் வைக்கும் டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. குழாய் இணைப்பு ஆறுவதற்கு அந்த ஸ்டென்ட் தேவை. அதனால் வைக்காமலும் இருக்க முடியாது. சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். எடுக்கச் சொன்ன தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

ரத்தத்திலிருந்து வடிந்த நீரைத் திருத்தி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேலையைச் செய்வது சிறுநீரகத்தின் நுண்குழாய்கள். அந்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் ஒரு செல்லின் உட்கருவுக்குள் பிகே நுழைகிறது. அந்தச் செல்லின் சொந்த இயந்திரத்தைக் கொண்டே தன்னை ஆயிரக்கணக்கில் பிரதி எடுக்கிறது. உட்கரு வீங்கி, செல் வெடித்து, வைரஸ்கள் பக்கத்துச் செல்லுக்குப் போகின்றன. செத்த செல் குழாயிலிருந்து கழன்று சிறுநீரோடு வெளியேறுகிறது.

அந்தக் கழன்ற செல்லை நுண்ணோக்கியில் பார்க்கலாம். சிறுநீரை மையச்சுழற்சியில் வைத்து, அடியில் தங்கியதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றுவார்கள். சாதாரணமாக உதிரும் செல்லில் உட்கரு சின்னதாக, நடுவில் இருக்கும். பிகே புகுந்த செல்லில் உட்கரு கிட்டத்தட்ட செல்லையே அடைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே தேய்த்த கண்ணாடி போல ஒரே மங்கல். புதிதாகப் பழகுபவர் பார்த்தால் புற்றுநோய்ச் செல் என்று பயந்துவிடுவார். இவற்றை ‘டிகாய்’ செல்கள், அதாவது ஏமாற்றும் செல்கள் என்கிறார்கள். இந்தப் பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நுண்ணோக்கியும் அனுபவமுள்ள கண்ணும் போதும். ஆனால் டிகாய் செல் தெரிந்தால் சிறுநீரக நோய் வந்துவிட்டது என்று பொருளில்லை, வைரஸ் விழித்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள்.

வரிசை கிட்டத்தட்ட எப்போதும் இதுதான்: முதலில் சிறுநீரில் வைரஸ், சில வாரங்கள் கழித்து ரத்தத்தில், அதன் பிறகு சிறுநீரகத் திசுவில் சேதம், கடைசியில் கிரியேட்டினின் ஏறுவது. சிறுநீரகம் மாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரில் வைரஸ் தென்படும். நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு ரத்தத்திலும் வரும். சிறுநீரகமே பாதிக்கப்படுவது நூற்றுக்கு ஒன்று முதல் பத்துப் பேருக்குள். அதிகமும் முதல் ஆண்டில், சிலருக்கு இரண்டாம் ஆண்டில்.

இந்த வரிசையில் கிரியேட்டினின் கடைசியில் நிற்கிறது, கவனித்தீர்களா? அது ஏறும்போது சேதம் ஏற்கெனவே நடந்திருக்கும். நுண்குழாய்கள் போன இடத்தில் தழும்பு விழுந்துவிட்டால் அது திரும்ப நுண்குழாய் ஆகாது. அறிகுறி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே முடியாத நோய் இது. எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களுக்கு இதே வைரஸ் சிறுநீர்ப்பையைத் தாக்கினால் ரத்தமாகப் போகும், எரிச்சல் தாங்காது. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ரிப்போர்ட்டைப் படிப்பது

அதனால்தான் உடம்பு நன்றாக இருக்கும்போதே ரத்தத்தில் வைரஸைத் தேடுகிறார்கள். கொரோனா காலத்தில் பிசிஆர் என்ற சொல் எல்லோருக்கும் பழகிவிட்டது, இதுவும் பிசிஆர்தான். மூக்கிலிருந்து எடுக்காமல் ரத்தத்தின் பிளாஸ்மாவில் செய்வார்கள். உண்டா இல்லையா என்பதோடு எவ்வளவு என்றும் சொல்லும். கேடிகோ என்ற பன்னாட்டு அமைப்பின் 2009 வழிகாட்டுதல், முதல் 3 முதல் 6 மாதங்களுக்கு மாதம் ஒரு முறையும், பிறகு ஓராண்டு முடியும்வரை 3 மாதத்துக்கு ஒரு முறையும் பார்க்கச் சொன்னது. 2024-இல் வந்த பன்னாட்டு ஒருமித்த பரிந்துரை இதை நீட்டி, 9 மாதம் வரை மாதந்தோறும், பின் 2 ஆண்டு முடியும்வரை 3 மாதத்துக்கு ஒரு முறை என்கிறது. காரணம் புரியாமல் கிரியேட்டினின் ஏறினாலும், நிராகரிப்புக்கு மருந்து கொடுத்த பின்னும் இடையில் ஒரு முறை பார்ப்பார்கள். பிசிஆர் செலவு பிடிக்கும் பரிசோதனை. உங்கள் மருத்துவமனையில் எந்த இடைவெளியில் செய்கிறார்கள், காப்பீட்டில் அது அடங்குமா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ரிப்போர்ட் கைக்கு வந்தால் அதில் ஒரு எண் இருக்கும், பக்கத்தில் ‘ஒரு மில்லிக்கு இத்தனை காப்பி’ என்றோ பன்னாட்டு அலகிலோ போட்டிருக்கும். சில ஆய்வகங்கள் லாக் கணக்கிலும் தரும். லாக் 3 என்றால் 1,000. லாக் 4 என்றால் 10,000. ஒரு எண் கூடினால் பத்து மடங்கு. மில்லிக்கு 1,000-க்கு மேல் என்பது மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரேயடியாக 10,000-ஐத் தாண்டினாலோ சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைக்கத் தொடங்குவார்கள். பயாப்சி, அதாவது திசுப் பரிசோதனையின் முடிவு வரும்வரை காத்திருப்பதில்லை.

எண்களைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். போன மாதம் 9,000, இந்த மாதம் 12,000 என்றால் கூடிவிட்டது என்று தூக்கம் போய்விடும். உண்மையில் அந்த வித்தியாசம் பரிசோதனையின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும். மூன்று மடங்குக்குக் குறைவான மாற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 12,000 போய் 1,20,000 ஆனால் அது வேறு கதை. இன்னொன்று, ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவியும் முறையும் மாறும். விலை குறைவு என்று இந்த மாதம் ஓரிடம், அடுத்த மாதம் வேறிடம் என்று கொடுத்தால் ஒப்பிடவே முடியாது. ஒரே ஆய்வகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பயாப்சியிலும் குழப்பம்

சந்தேகம் தீராவிட்டால் சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் துளி திசு எடுப்பார்கள். மாற்றிய சிறுநீரகம் முதுகுப்பக்கம் இல்லை, அடிவயிற்றில் ஓரமாக, தோலுக்கு அருகிலேயே வைக்கப்பட்டிருக்கும். எடுப்பது அவ்வளவு கடினமில்லை. கடினம் அதன் பிறகுதான். நிராகரிப்பு நடக்கும் திசுவில் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக நுண்குழாய்களைச் சூழ்ந்திருக்கும். பிகே புகுந்த திசுவிலும் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக நுண்குழாய்களைச் சூழ்ந்திருக்கும். முன்னதில் வந்தவை சிறுநீரகத்தைத் தாக்க வந்தவை, பின்னதில் வந்தவை வைரஸைத் தாக்க வந்தவை. தகட்டில் பார்க்க ஒரே மாதிரி. போதாக்குறைக்குச் சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பிரித்தறிய ஒரு சாயம் உதவுகிறது. பிகே-யின் உறவுக்கார வைரஸான எஸ்வி40-இன் ஒரு புரதத்துக்கு எதிராக உருவாக்கிய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), பிகே-யின் புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும். வைரஸ் உள்ள உட்கருக்கள் மட்டும் பழுப்பு நிறத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் வைரஸ் சிறுநீரகம் முழுக்கச் சமமாகப் பரவாது, அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அதிலும் உட்பகுதியில் அதிகம். ஊசி போன இடத்தில் இல்லாமல் பக்கத்தில் இருந்தால் ரிப்போர்ட் ‘இல்லை’ என்று வரும். அதனால் குறைந்தது இரண்டு துண்டு, ஒன்றிலாவது உட்பகுதி இருக்கும்படி எடுக்கச் சொல்கிறார்கள். ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்து பயாப்சி மட்டும் சுத்தம் என்று வந்தால், பயாப்சியை முழுசாக நம்பிவிடக் கூடாது.

மருந்தைக் குறைப்பதுதான் மருந்து

பிகே-யைக் கொல்லும் மருந்து உண்டா? இன்றைய தேதிக்கு, நிரூபிக்கப்பட்ட ஒன்று கிடையாது. சிடோஃபோவிர், லெஃப்லுனோமைடு, எதிர்ப்பொருள் ஊசி என்று பலவும் முயன்று பார்த்திருக்கிறார்கள். லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஆய்வகக் குப்பியில் இந்த வைரஸைக் கட்டுப்படுத்தியது. மனிதர்களிடம் முறையாகச் சோதித்து 2014-இல் முடிவு வந்தபோது எந்தப் பலனும் இல்லை என்று தெரிந்தது. பிகே-க்கு எதிரான எதிர்ப்பொருள்களும், வைரஸை அடையாளம் காணப் பழக்கிய டி செல்களை வெளியிலிருந்து ஏற்றும் முறையும் ஆய்வில் இருக்கின்றன.

ஆக, இப்போதைக்கு உள்ள ஒரே நம்பகமான வழி, நோயாளியின் சொந்த டி செல்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுப்பது. மைகோஃபினோலேட்டைப் பாதியாக்குவார்கள், அல்லது டாக்ரோலிமஸின் இலக்கு அளவைக் கீழே இறக்குவார்கள், அல்லது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும். எதை முதலில் குறைப்பது என்பதில் மையத்துக்கு மையம் வழக்கம் வேறு; இது உயர்ந்தது அது தாழ்ந்தது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. குறைத்ததும் வைரஸ் மறுநாளே போய்விடாது. அடக்கி வைத்த டி செல்கள் திரும்பப் பெருகவே வாரங்கள் ஆகும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை பிசிஆர் பார்த்து, போதாவிட்டால் இன்னொரு படி இறக்கி, ரத்தம் சுத்தமாக மாதக்கணக்கில் ஆகலாம்.

அந்த மாதங்களில் சிறுநீரகத்தின் நிலை, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். மருந்து கூடினால் வைரஸ், குறைந்தால் நிராகரிப்பு. டி செல்கள் திரும்பி வந்து வைரஸ் செல்களைத் தாக்கும்போது கிரியேட்டினின் தற்காலிகமாகக் கொஞ்சம் ஏறுவதும் உண்டு. அது வைரஸ் ஒழியும் அறிகுறியா, நிராகரிப்பின் தொடக்கமா? இந்த இடத்தில்தான் அனுபவமுள்ள மருத்துவரின் அருமை தெரியும். அவசரப்பட்டு நிராகரிப்புக்கான ஸ்டீராய்டைக் கொட்டாமல், அசட்டையாகவும் விட்டுவிடாமல், வாரா வாரம் எண்களைப் பார்த்து நகர்வார்.

இதைப் படித்துவிட்டு யாராவது தாமாக மாத்திரையைக் குறைத்தால் அதைவிடப் பெரிய தவறு கிடையாது. குறைப்பது என்பது அளந்து, பரிசோதித்து, படிப்படியாகச் செய்யும் சிகிச்சை. ஒரு வேளை மாத்திரையை விட்டால் வைரஸ் போகாது. நிராகரிப்புக்குத்தான் வாசல் திறக்கும்.

முறையாகத் தேடாத அந்த ஆரம்பக் காலத்தில், பிகே நோய் வந்த சிறுநீரகங்களில் பாதிக்கு மேல் போய்விட்ட மையங்கள் உண்டு. மாதந்தோறும் தேடி, ரத்தத்தில் தெரிந்ததுமே மருந்தைக் குறைக்கும் வழக்கம் வந்த பிறகு அந்த இழப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. புது மருந்து எதுவும் வராமலே கிடைத்த வெற்றி இது.

சிஎம்வி: இதற்கு மருந்து உண்டு

பிகே-யோடு சேர்த்துக் காதில் விழும் இன்னொரு பெயர் சிஎம்வி, அதாவது சைட்டோமெகலோ வைரஸ். அக்கி, சின்னம்மை வைரஸ்களின் குடும்பம். இதுவும் சின்ன வயதில் வந்து உடம்பில் ஒடுங்கிக்கொள்வதுதான். இந்தியாவில் வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் உண்டு. ஆனால் இது சிறுநீரகத்தோடு நிற்பதில்லை. காய்ச்சல், அசதி, வயிற்றுப்போக்கு, வெள்ளை அணுக்கள் குறைவது, கல்லீரல் எண்கள் ஏறுவது என்று உடம்பு முழுக்க அடையாளம் காட்டும். நிராகரிப்பு வரும் வாய்ப்பையும் கூட்டும்.

கொடுத்தவரிடம் வைரஸ் இருந்து, பெற்றவரிடம் இல்லாவிட்டால் ஆபத்து மிக அதிகம். அவருடைய உடம்பு முதல்முறையாக இந்த வைரஸைச் சந்திக்கும் நேரத்திலேயே டி செல்கள் அடக்கப்பட்டிருக்கும். அதனால் அறுவைக்கு முன்பே இருவருக்கும் ரத்தம் பார்த்து, தேவைக்கேற்ப 3 முதல் 6 மாதம் வால்கான்சிக்ளோவிர் மாத்திரை கொடுப்பார்கள். இது வேலை செய்யும் மருந்து. தொல்லை என்னவென்றால், இதுவும் வெள்ளை அணுக்களைக் குறைக்கும், மைகோஃபினோலேட்டும் குறைக்கும், சிஎம்வியும் குறைக்கும். எண்ணிக்கை விழுந்தால் யார் காரணம் என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சிறுநீரகத்தின் வேலைத்திறனுக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய மருந்தும்கூட. அடங்காத சிஎம்விக்கு மாரிபாவிர் என்ற மருந்துக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடினோ வைரஸ் வந்தால் காய்ச்சலும் ரத்தம் கலந்த சிறுநீரும் எரிச்சலும் இருக்கும். பார்வோ பி19, எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியை நிறுத்திவிடும். காரணம் புரியாமல் ஹீமோகுளோபின் விழுந்துகொண்டே போனால் இதைத் தேடுவார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ், குறிப்பாக மாற்று செய்துகொண்ட குழந்தைகளிடம், நிணநீர்க் கட்டிகளை உண்டாக்கலாம். அங்கேயும் முதல் சிகிச்சை மருந்தைக் குறைப்பதுதான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பிகே வந்தவரைத் தனியாக உட்கார வைக்க வேண்டுமா, தட்டு டம்ளரைப் பிரிக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்பார்கள். வேண்டாம். வீட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது, அவர்களை ஒன்றும் செய்யாது. சிறுநீரகம் கொடுத்தவர் ‘என்னாலதான் வந்துச்சோ’ என்று மறுகவும் தேவையில்லை. பிகே இல்லாத கொடையாளி கிடைப்பது குதிரைக் கொம்பு. அதற்காக யாரையும் ஒதுக்குவதும் இல்லை.

ரத்தத்தில் டாக்ரோ, அதாவது டாக்ரோலிமஸ் அளவு பார்க்கப் போகும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போக வேண்டும், ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். முந்தைய இரவு மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து இருக்கும் குறைந்தபட்ச அளவைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் நிராகரிப்பு வரலாம். மறந்து போட்டுவிட்டால் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை உடம்பில் ஒட்டாமல் போய்விடும் என்றுதான் தோன்றும். டாக்ரோ விஷயத்தில் பெரும்பாலும் நேர்மாறு. குடலில் அதைச் சிதைக்கும் நொதி குறைந்துபோவதால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். இரண்டு நாளைக்கு மேல் போனால் மருத்துவரிடம் பேசுங்கள். பம்பளிமாஸ் பழமும் அதே நொதியைத் தடுக்கும், அதைத் தொடவே வேண்டாம். ஆரஞ்சும் சாத்துக்குடியும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆனால் பொட்டாசியம் கூடுதலாக இருப்பவர்கள் அவற்றையும் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம். கிளாரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல் போன்றவை டாக்ரோவை ஏற்றும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் தடாலென்று இறக்கும். சில மருத்துவர்கள் டில்டியாசெம் என்ற ரத்த அழுத்த மாத்திரையை வேண்டுமென்றே சேர்த்து, குறைந்த டாக்ரோவில் தேவையான அளவைக் கொண்டுவருவார்கள். அந்த டில்டியாசெம்மை ‘பிரஷர் சரியாகிவிட்டதே’ என்று தாமாக நிறுத்தினால் டாக்ரோவும் சேர்ந்து விழும். தெருமுனை மருந்துக்கடையில் காய்ச்சலுக்கு ஏதாவது கொடுங்கள் என்று வாங்குவதும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சூரணம், லேகியம் சாப்பிடுவதும் இதனால்தான் ஆபத்து.

தடுப்பூசிகளில் உயிருள்ள வைரஸ் கொண்டவை, அதாவது தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை போன்றவை, மாற்றுக்குப் பிறகு கூடாது. தேவையென்றால் அறுவைக்கு முன்பே, குறைந்தது நான்கு வாரம் முந்தியே போட்டுக்கொள்ள வேண்டும். ஃப்ளூ ஊசி, மஞ்சள் காமாலை பி ஊசி ஆகியவற்றைப் போடலாம்.

எவ்வளவு செய்தும் பிகே-யால் சிறுநீரகம் போய்விட்டால்? மறுபடி டயாலிசிஸ்தான், ஆனால் கதை அத்தோடு முடிவதில்லை. ரத்தத்தில் வைரஸ் முழுசாக அடங்கிய பிறகு இரண்டாவது முறை மாற்று செய்யலாம். கெட்டுப்போன பழைய சிறுநீரகத்தை அதற்காக எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டாவது முறையும் பிகே எட்டிப் பார்க்கலாம் என்பதால் பிசிஆர் தேதிகளை இன்னும் கறாராகக் கடைப்பிடிப்பார்கள். முதல் சிறுநீரகத்தைப் பிகே-யால் இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டாவது நன்றாகவே வேலை செய்கிறது.